லூ கெரிக்: ஹார்ட்ஃபோர்டில் கழிந்த இரண்டு ஆண்டுகள் தேவையா, வீணா?

தெற்குவாசல்

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் லூ கெரிக்கின் தொடக்க காலம் என்றாலே வாலி பிப்பின் தலைவலியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 1925 ஜூன் 2 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணியின் முதல் பேஸ்மேன் (ஓடுபவர் தொட வேண்டிய முதல் தளத்தைக் காப்பவர்) பிப் தலைவலி என்றாராம், மேனேஜர் மில்லர் ஹக்கின்ஸ் ஓய்வு கொடுத்தாராம், 21 வயது கெரிக் அந்த இடத்தில் இறங்கினாராம். அதன்பின் 1939 ஏப்ரல் கடைசி வரை, மொத்தம் 2,130 ஆட்டம், ஒரு நாள்கூட விடவில்லை.

என்னை உறுத்துவது அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள். யாங்கீஸ் அவரை ஒப்பந்தம் செய்தது 1923 ஏப்ரல் கடைசியில், 1,500 டாலர் முன்பணத்துக்கு. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பெரும்பகுதி அவர் இருந்தது கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில், ஈஸ்டர்ன் லீக் என்ற மைனர் லீக்கில் (பெரிய லீக்குக்குக் கீழ்ப்படி). 1923இல் அங்கே 59 ஆட்டம், 24 ஹோம்ரன் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றிவருவது), சராசரி (ஒரு வாய்ப்புக்கு எத்தனை அடி) .304. 1924இல் 134 ஆட்டம், 37 ஹோம்ரன், சராசரி .369. நியூயார்க்கில் கிடைத்த துண்டு வாய்ப்புகளிலும் 1923இல் 26 வாய்ப்பில் 11 அடி, 1924இல் 12 வாய்ப்பில் 6. இரண்டையும் சேர்த்தால் 38க்கு 17.

1924இல் யாங்கீஸ் 89 வெற்றி, 63 தோல்வி. வாஷிங்டன் 92க்கு 62. லீக் பட்டம் கைநழுவியது இரண்டே ஆட்ட இடைவெளியில். இப்படி அடிக்கும் ஒருவனை மைனர் லீக்கில் வைத்துக்கொண்டு பட்டத்தை விட்டது நிர்வாகத் தவறு. இதற்கு மறுப்பு உண்டா?

பழைய ஸ்கோர்கார்டு

உண்டு. முதலில் அந்த 38 வாய்ப்புகள். 1923இன் 11 அடிகளைப் பாருங்கள்: 4 டபுள் (இரண்டு பேஸ் அடி), 1 டிரிபிள் (மூன்று பேஸ் அடி), 1 ஹோம்ரன். அவற்றில் பெரும்பகுதி செப்டம்பர் கடைசியில், யாங்கீஸ் பட்டத்தை உறுதி செய்துவிட்ட பிறகு வந்தவை. முதல் ஹோம்ரன் செப்டம்பர் 27, பாஸ்டன் ஃபென்வே பார்க்கில். அந்த ஆண்டு பாஸ்டன் கடைசி இடம். எதிரணி புதுப் பையன்களை எறியவிட்டுப் பார்க்கும் காலம் அது. 1924இன் 12 வாய்ப்புகள் பெரும்பாலும் பிஞ்ச் ஹிட்டராக (வேறொருவருக்குப் பதில் பேட் பிடிப்பவராக) வந்தவை. இதை வைத்து ஒரு முழு சீசனுக்கான ஆளை முடிவு செய்யும் மேனேஜர் எங்கும் இருக்க மாட்டார்.

அடுத்தது ஈஸ்டர்ன் லீக். அது கிளாஸ் ஏ. அதற்கு மேலே இன்டர்நேஷனல் லீக், அமெரிக்கன் அசோசியேஷன், பசிபிக் கோஸ்ட் லீக் மூன்றும் டபுள் ஏ என்று இருந்தன. கெரிக் அடித்த .369 உச்சப் படியில் அடித்ததல்ல.

மூன்றாவது, நீங்கள் பேரைத் தவிர வேறெதுவும் சொல்லாத பிப். 1915 முதல் யாங்கீஸின் முதல் பேஸ் அவருடையது. 1916, 1917 இரண்டு ஆண்டும் அமெரிக்கன் லீக்கில் அதிக ஹோம்ரன் அவர்தான். 1924இல் சராசரி .295, நூறு தாண்டிய ஆர்பிஐ (தன் அடியால் அணிக்கு வந்த ரன்), 19 டிரிபிள். டிரிபிளில் லீக்கிலேயே முதலிடம். இப்படி ஆடுபவரை உட்காரவைத்துவிட்டு, முதல் பேஸ் ஆடத் தெரியாத 20 வயது பையனை இறக்கச் சொல்கிறீர்கள்.

தெற்குவாசல்

"ஆடத் தெரியாத" என்பது பெரிய வார்த்தை. 1923 செப்டம்பரில் பிப்புக்குக் கணுக்காலில் அடிபட்டபோது, வேர்ல்ட் சீரிஸில் (இரண்டு பெரிய லீக் சாம்பியன்களின் இறுதித் தொடர்) கெரிக்கை ஆடவைக்க யாங்கீஸே அனுமதி கேட்டது. செப்டம்பர் 1க்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் எதிரணியின் சம்மதம் வேண்டும் என்று கமிஷனர் லேண்டிஸ் சொல்ல, ஜெயன்ட்ஸ் மேனேஜர் ஜான் மெக்ரா மறுத்துவிட்டார். பிப் கட்டுப்போட்ட காலோடு ஆடினார். வேர்ல்ட் சீரிஸுக்கே தகுதி என்று நினைத்தவனை அடுத்த ஏப்ரலில் எதற்காகத் திருப்பி அனுப்பினார்கள்?

பழைய ஸ்கோர்கார்டு

நொண்டும் பிப்பைவிட நல்ல காலுள்ள கெரிக் மேல், அவ்வளவுதான் அந்த விண்ணப்பத்தின் பொருள். ஆறேழு ஆட்டத்துக்கான ஏற்பாட்டையும் 154 ஆட்டத்துக்கான தேர்வையும் ஒன்றாக்காதீர்கள்.

இடக்கை

கெரிக்குக்கு அப்போது எது தெரியாது என்று சொல்லாமல் இந்த வாதம் நகராது. எனவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதல் பேஸ் என்றால் நின்ற இடத்தில் பந்தைப் பிடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். தரைப்பந்து ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையே நிற்பவர்) பக்கம் போனதும் நடப்பவை இவை. முதல் பேஸ்மேன் பேஸைவிட்டு விலகி ஆழமாக நிற்பார். அங்கிருந்து ஓடிவந்து, உள்மைதானப் பக்க விளிம்பைக் குதிகாலால் உணர்ந்து, எறிபவரைப் பார்த்து நிமிர வேண்டும். பந்து கையைவிட்டுக் கிளம்பி, எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் காலை நீட்ட வேண்டும். இடக்கையாளர் என்றால் இடது கால் பேஸில், கையுறை மாட்டிய வலப்பக்கத்துக் கால் முன்னே. புதிதாக ஆடுபவர் எல்லோரும் செய்வது ஒன்று: முன்கூட்டியே நீட்டிவிடுவார்கள். எறி இரண்டடி விலகி வந்தால், நீட்டிய காலை மடக்கிப் பக்கவாட்டில் நகர நேரமில்லை. பந்து பின்னால் போகும், ஓடுபவர் இரண்டாம் பேஸில் நிற்பார். மற்றொன்று, காலைப் பேஸின் நடுவில் வைப்பது. அன்றைய பேஸ் 15 அங்குலச் சதுரம். ஓடிவருபவரின் ஸ்பைக் அதே பேஸில்தான் இறங்கும். கணுக்கால் போவது இப்படித்தான்.

தாழ்ந்து வரும் எறி இன்னும் கடினம். தரையில் பட்டு எழும் கணத்தில் எடுக்க வேண்டும். கையுறை மண்ணிலிருந்து மேல்நோக்கி வர வேண்டும். மேலிருந்து கீழே குத்தினால் பந்து அடியில் நழுவும். முகத்தைத் திருப்பினால் தொலைந்தது. 1920களின் முதல் பேஸ் கையுறையில் இன்றைய ஆழமான வலை கிடையாது. தடித்த தோல், ஆழமில்லாத குழி, இரண்டாவது கையும் சேர்ந்தால்தான் பந்து நிற்கும். ஒற்றைக் கையால் அள்ளும் இன்றைய பழக்கத்தை வைத்து அந்தக் காலத்தை அளக்கக் கூடாது.

இவற்றைவிடப் புதியவனைக் காட்டிக்கொடுப்பது வலப்பக்கத் தரைப்பந்து. எது தன்னுடையது, எது இரண்டாம் பேஸ்மேனுடையது என்ற தீர்ப்பு அரை நொடியில் வர வேண்டும். எல்லாவற்றையும் துரத்தினால் முதல் பேஸ் காலி. தன் பந்து என்றால் எடுத்துவிட்டு, பேஸை நோக்கி வளைந்து ஓடிவரும் பிட்சருக்கு (பேட் பிடிப்பவருக்குப் பந்து எறிபவர்) கீழ்க்கையால் மார்பு உயரத்தில், அவர் பேஸை மிதிக்க ஓரடி முன்பே போட வேண்டும். தாமதித்தால் பிட்சர் ஒரே நேரத்தில் பந்தையும் பேஸையும் தேடித் தடுமாறுவார்.

கெரிக்குக்கு இடக்கை என்பது பிறவி வரம். ஓடுபவரைப் பேஸோடு கட்டி நிறுத்தும்போது வலக்கைக் கையுறை அவர் திரும்பிவரும் பக்கமே இருக்கும். இரண்டாம் பேஸுக்கு எறிய உடலைச் சுழற்ற வேண்டாம். பண்ட் பந்தை (மட்டையால் மெல்லத் தட்டிவிட்டதை) எடுத்து மூன்றாம் பேஸுக்கு எறிவதும் அப்படியே. ஆனால் வரம் என்பது கால் வைக்கும் பழக்கத்துக்கு மாற்றாகாது. அந்தப் பழக்கம் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு எறிகளை ஆட்டத்தில் வாங்கி வாங்கித்தான் வரும், பெஞ்சில் உட்கார்ந்தால் வராது. 1924இன் 134 ஆட்டங்கள் அவருக்குத் தந்தது அதைத்தான்.

மணிமுத்தாறு

இடக்கை சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும்: ஏன் 20 வயதிலும் அவர் கற்றுக்கொண்டே இருந்தார் என்பது.

நியூயார்க் யார்க்வில் பகுதியில் ஜெர்மானியக் குடியேறிகளின் மகன். பிறந்த நான்கு பிள்ளைகளில் பிழைத்தது அவர் ஒருவர்தான். ஹைஸ்கூல் அணிக்காக 1920இல் சிகாகோவின் கப்ஸ் பார்க்கில், ஒன்பதாம் இன்னிங்ஸில் மூன்று பேஸும் நிறைந்திருக்கையில் மைதானத்துக்கு வெளியே அடித்ததிலிருந்து பேர் பரவியது. 1921 கோடையில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேரும் தறுவாயில், ஹார்ட்ஃபோர்டு அணிக்கு லூயிஸ் என்ற புனைபெயரில் 12 ஆட்டம் ஆடினார். பின்னால் இருந்தது மெக்ராவின் யோசனை. காசு வாங்கி ஆடியவர் கல்லூரி விளையாட்டில் இறங்கக் கூடாது என்பது விதி. கொலம்பியா பயிற்சியாளர் ஆண்டி கோக்லி தலையிட்டு மீட்டாலும் முதல் ஆண்டு முழுக்கத் தடை. எனவே கல்லூரி பேஸ்பால் அவருக்கு 1923 என்ற ஒரே சீசன்தான். அதிலும் அவர் பாதி நேரம் பிட்சர்! சராசரி .444, 7 ஹோம்ரன், பிட்சராக 6 வெற்றி 4 தோல்வி. யாங்கி ஸ்டேடியம் திறந்த அதே ஏப்ரல் 18 அன்று வில்லியம்ஸ் கல்லூரிக்கு எதிராக 17 பேரை ஸ்டிரைக் அவுட் செய்துவிட்டுத் தோற்றார். யாங்கீஸ் ஸ்கவுட் (புது ஆள் தேடுபவர்) பால் கிரிச்செல் கண்ணில் பட்டது பேட்டிங். ஒப்பந்தம் செய்தபோது முதல் பேஸில் அவருக்கு இருந்த அனுபவம் மிகக் குறைவு.

ஆனாலும் நான் தெற்குவாசல் பக்கம்தான். ஒரு வருடம் ஹார்ட்ஃபோர்டு சரி. இரண்டாவது வருடம் எதற்கு?

கணக்குப்பிள்ளை

1924 பட்டம் கைநழுவியதற்கு கெரிக் இல்லாததுதான் காரணமா என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

பிப், 1924: 589 வாய்ப்பு, 174 அடி. 30 டபுள், 19 டிரிபிள், 9 ஹோம்ரன். மொத்த பேஸ் (சிங்கிள் 1, டபுள் 2, டிரிபிள் 3, ஹோம்ரன் 4 என்று கூட்டியது) 269. ஒரு வாய்ப்புக்கு .457.

கெரிக், 1925: 437 வாய்ப்பு, 129 அடி. 23 டபுள், 10 டிரிபிள், 20 ஹோம்ரன். மொத்த பேஸ் 232. ஒரு வாய்ப்புக்கு .531.

சராசரி இருவருக்கும் .295. வித்தியாசம் அடியின் நீளத்தில் மட்டும்: .074. 1924இல் பிப் எடுத்த 589 வாய்ப்பும் கெரிக்குக்குப் போயிருந்தால் கூடுதலாக 44 பேஸ் கிடைத்திருக்கும். ஒரு கூடுதல் பேஸுக்கு ஏறத்தாழ 0.3 ரன் என்று வைத்தால் 13 ரன். பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்பது நெடுநாள் புழங்கும் கைக்கணக்கு. ஆக, ஒரு வெற்றிக்குச் சற்று மேல். வாஷிங்டனை முந்த அது போதாது. இதில் கெரிக்கின் கை தவறியிருக்கக்கூடிய பந்துகளை நான் கழிக்கவே இல்லை. ஒரு வயது இளையவராக, இடக்கை பிட்சர்களுக்கு எதிராகவும் தினமும் நின்றிருப்பார் என்பதையும் கழிக்கவில்லை.

தெற்குவாசல்

உங்கள் கணக்கின் அடிப்படையே பிப்பை எடுத்துவிட்டு கெரிக்கை வைப்பது. 1924 யாங்கீஸுக்கு வேறொரு ஓட்டை இருந்தது. ஜூனில் அவுட்ஃபீல்டு (வெளிமைதான) ஆட்டக்காரர் ஏர்ல் கோம்ப்ஸ் ஸ்லைடு செய்யும்போது கணுக்காலை முறித்துக்கொண்டார். 24 ஆட்டத்தில் .400 அடித்துக்கொண்டிருந்தவர், அந்த ஆண்டு அத்தோடு முடிந்தது. கெரிக் கல்லூரியில் அவுட்ஃபீல்டும் ஆடியவர். ஜூன் பாதியில் அவரை அழைத்து ஒரு மூலையில் நிறுத்தியிருந்தால் பிப்பும் இருந்திருப்பார், கெரிக்கும் இருந்திருப்பார். அப்போது ஒப்பிட வேண்டியது பிப்போடு அல்ல, கோம்ப்ஸ் இடத்தை நிரப்பியவரோடு. இடைவெளி இரண்டே ஆட்டம் என்பதை மறக்காதீர்கள்.

பழைய ஸ்கோர்கார்டு

இது நீங்கள் இதுவரை சொன்னதில் வலுவான வாதம். ஆனால் கோம்ப்ஸ் ஆடியது நடு அவுட்ஃபீல்டு. பேப் ரூத்தும் பாப் மியூசலும் ஓரங்களில். கெரிக்கை ஓரத்தில் வைத்தால் ரூத்தோ மியூசலோ நடுவுக்கு நகர வேண்டும். யாங்கி ஸ்டேடியத்தின் வலது மூலை அப்போது 295 அடி அளவில்தான், இடது நடுப்பகுதியோ 460 அடிக்குப் போகும். அந்தப் பரப்பைக் கால் வேகத்தால்தான் மூட முடியும். நடுவில் ஆடிய வைட்டி விட் அதற்குப் பழகியவர். 1925இல் கெரிக்கைச் சில ஆட்டங்களில் அவுட்ஃபீல்டில் நிறுத்தியும் பார்த்தார்கள். தொடரவில்லை.

இடக்கை

அவுட்ஃபீல்டில் வைத்திருந்தால் இன்னொரு நட்டமும் உண்டு. முதல் பேஸ் பயிற்சி அந்த ஆண்டும் தள்ளிப்போயிருக்கும். 1925 ஜூனில் பிப்பை எடுத்தபோது கையில் யார் இருந்திருப்பார்?

மணிமுத்தாறு

அந்த ஜூன் 2 பற்றியும் பேசிவிடலாம், தலைவலிக் கதை இன்னமும் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. கெரிக்கின் தொடர் தொடங்கியது முந்தைய நாள், ஜூன் 1. ஷார்ட்ஸ்டாப் பீ வீ வானிங்கருக்குப் பதில் பிஞ்ச் ஹிட்டராக வந்தார். அந்த வானிங்கர் யார்? 1,307 ஆட்டம் தொடர்ந்து ஆடிய எவரெட் ஸ்காட்டை மே மாதம் உட்காரவைத்துவிட்டு அந்த இடத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். மறுநாள் ஹக்கின்ஸ் மாற்றியது பிப்பை மட்டுமல்ல. இரண்டாம் பேஸ் ஆரன் வார்ட், கேட்சர் வாலி ஷாங் இருவரும் உட்கார்ந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே நாளில் தலைவலி வராது. பிப் அப்போது .244 அளவில் தவித்துக்கொண்டிருந்தார், அணியும் தரையில் கிடந்தது.

தலையில் அடிபட்டது உண்மைதான், ஆனால் ஒரு மாதம் கழித்து. ஜூலை தொடக்கத்தில் பேட்டிங் பயிற்சியின்போது பந்து தலையில் பட்டு மருத்துவமனையில் கிடந்தார். இரண்டு நிகழ்வையும் யாரோ ஒட்டிவிட்டார்கள். அதனால் பிப்புக்கு நேர்ந்த அநியாயம் பெரிது. பத்தாண்டு ஆடியவர், ஒரு நாள் வலி தாங்காமல் வேலையை இழந்தவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த ஆண்டு முடிவில் சின்சினாட்டிக்கு விற்கப்பட்டு, அங்கே மேலும் மூன்று சீசன் ஆடினார்.

கணக்குப்பிள்ளை

மூவரையும் ஒன்றாக மாற்றியது என் பார்வைக்கு முக்கியமான சான்று. கெரிக் தயாராகிவிட்டார் என்பதற்காக ஹக்கின்ஸ் பிப்பை எடுக்கவில்லை. சரிந்த அணியைக் கலைத்து அடுக்கினார், அந்த அடுக்கில் கெரிக் வந்தார்.

பழைய ஸ்கோர்கார்டு

கலைக்கும்போது கையில் ஆள் இருந்தார் அல்லவா? முதல் பேஸில் 134 ஆட்டம் கற்றுவந்த ஆள். வார்டின் இடத்துக்கு அன்று வந்த ஹோவர்ட் ஷாங்க்ஸ் நிலைக்கவில்லை. 1926இல் இரண்டாம் பேஸ் டோனி லாசெரியிடம் போனது. மூன்று மாற்றத்தில் பதினான்கு ஆண்டு நின்றது ஒன்றுதான்.

பிழைக்கு என்ன விலை என்பதையும் பாருங்கள். 1924இல் ஒவ்வொரு ஆட்டமும் வாஷிங்டனோடு போட்டி. அங்கே ஒரு தவறிய எறி பட்டத்தையே கொண்டுபோகும். 1925இல் ரூத் ஏப்ரலில் நோய்வாய்ப்பட்டு, அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியதே ஜூன் 1. அணி 69க்கு 85 என்று ஏழாம் இடத்தில் முடிந்தது. புதியவன் தவறு செய்து கற்க அதைவிட நல்ல ஆண்டு கிடையாது.

தெற்குவாசல்

ஏழாம் இடம் என்பது செப்டம்பரில் தெரிந்தது. ஜூன் 2 அன்று நூறு ஆட்டத்துக்கு மேல் பாக்கி. தோற்றுப்போன ஆண்டு என்று முடிவுகட்டித்தான் ஹக்கின்ஸ் இறக்கினார் என்பது, முடிவைப் பார்த்துவிட்டுப் பின்னால் சொல்வது.

இன்னொன்று. ஹார்ட்ஃபோர்டில் முழுக்கக் கற்றுவிட்டார் என்றால், 1925இல் ஏன் அவரை நம்பவில்லை? முக்கியமான கட்டங்களில் அவருக்குப் பதில் வேறொருவரை பேட் பிடிக்க அனுப்பினார்கள். ஜூலை 5 அன்று முதல் பேஸில் தொடங்கியது கெரிக்கே இல்லை, பழைய ஆட்டக்காரர் ஃபிரெட் மெர்க்கல். பின்பகுதியில் கெரிக்கை உள்ளே இறக்கியதால்தான் அந்தத் தொடரே அறுபடாமல் நீண்டது. பெரும்பகுதியை அவர் கற்றது பெரிய லீக்கில்தான். 1925இல் அங்கே கற்கலாம் என்றால் 1924 மே மாதத்தில் ஏன் கூடாது?

இடக்கை

நீங்கள் சொல்லும் இரண்டில் ஒன்று பேட்டிங் சந்தேகம். அதையும் முதல் பேஸ் ஆட்டத்தையும் பிரித்துப் பாருங்கள். ஃபீல்டிங்கில் உண்மையான சோதனை 1926. லாசெரிக்கு அதுதான் முதல் ஆண்டு, ஷார்ட்ஸ்டாப் மார்க் கோனிக்குக்கு முதல் முழு ஆண்டு. கோனிக் நிறையப் பிழை செய்தார். இரண்டு புதியவர்களின் எறிகளையும் தினமும் வாங்கியது 23 வயது கெரிக். 155 ஆட்டம் அந்த இடத்தில் நின்றார், அணி ஏழாம் இடத்திலிருந்து லீக் பட்டத்துக்கு ஏறியது. தாழ்ந்த எறியை அள்ளத் தெரியாதவன் அங்கே நின்றிருந்தால் கோனிக்கின் கணக்கில் இன்னும் எத்தனை பிழை ஏறியிருக்கும்?

பேட்டிங்கும் 1926இல் அவர் எந்த மாதிரி ஆட்டக்காரர் என்று காட்டிவிட்டது. ஹோம்ரன் 16தான். ஆனால் 47 டபுள், லீக்கிலேயே அதிகமாக 20 டிரிபிள். ரூத் பந்தை வானத்துக்கு ஏற்றுவார். கெரிக்கின் பந்து உள்மைதானத்துக்குச் சற்று மேலே நேராகப் பாய்ந்து அவுட்ஃபீல்டர்களுக்கு இடையே பிளக்கும். அகலமான இடது நடுப்பகுதி அந்த அடிக்கு ஏற்ற மைதானம். அதே அடி சற்று மேலேறியதும் 1927இல் 47 ஹோம்ரன், 52 டபுள், .373 என்று வந்தது.

தெற்குவாசல்

1926ஐ ஏற்கிறேன். அந்த 1926, ஹார்ட்ஃபோர்டின் இரண்டாம் ஆண்டால் வந்ததா, 1925 ஜூனுக்குப் பிறகு யாங்கீஸில் ஆடிய ஆட்டங்களால் வந்ததா என்பதுதான் நமக்குள் வழக்கு. 1925 ஏப்ரல், மே மாதங்களில் அவர் அணியிலேயே இருந்தும் பெரும்பாலும் பெஞ்ச். ஹார்ட்ஃபோர்டு அவரை முடித்து அனுப்பியிருந்தால், பிப் .244 அடித்துக்கொண்டிருந்த அந்த ஏழு வாரமும் எதற்குக் காத்திருந்தார்கள் என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய ஸ்கோர்கார்டு

முந்தைய ஆண்டு 19 டிரிபிள் அடித்தவருக்குக் கொடுக்க வேண்டிய ஏழு வாரம் அது. 32 வயதில் நன்றாக அடித்துவந்தவர் ஏப்ரலில் சறுக்கினால், மே முடியும்வரை பார்ப்பது எந்த மேனேஜரும் செய்வது. அதற்கு மேல் ஹக்கின்ஸ் ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை.